கிருஷ்ணன் டென்னிஸ் குடும்பம்

டி.கே. ராமநாதன், அவர் மகன் ராமநாதன் கிருஷ்ணன், பேரன் ரமேஷ் கிருஷ்ணன் என மூன்று தலைமுறையாக டென்னிஸ் ஆடிய தமிழ்க் குடும்பம். மகனும் பேரனும் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை 25 ஆண்டு இடைவெளியில் வென்றவர்கள். டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியாவுக்காக ஆடிய தந்தையும் மகனும் இவர்களே.

பெயர்: வெளிநாட்டு டென்னிஸ் ஏடுகள் ‘கிருஷ்ணன்’ என்பதைக் குடும்பப் பெயராகக் கொள்கின்றன. தமிழர் வழக்கில் அப்படியொரு குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்க, தன் பெயர் பின்னால் வரும். சிலர் ஊர்ப்பெயரின் எழுத்தையும் சேர்த்துக்கொள்வர். அடுத்த தலைமுறையில் அந்த முதலெழுத்து மாறிவிடும். ராமநாதன் என்பது இராமேசுவரத்து இறைவனின் பெயர். கிருஷ்ணன் திருமாலின் பெயர். சிவனும் திருமாலும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த தலைமுறையில் பெயராக அமைவது தமிழ்நாட்டில் வியப்புக்குரியதல்ல.

‘ராமநாதன் கிருஷ்ணன்’ என்பதில் ராமநாதன் தந்தை, கிருஷ்ணன் ஆட்டக்காரர். ‘ரமேஷ் கிருஷ்ணன்’ என்பதில் ரமேஷ் ஆட்டக்காரர், கிருஷ்ணன் தந்தை. தமிழ் முறைப்படி எழுதியிருந்தால் மகன் ‘கி. ரமேஷ்’ ஆகியிருப்பார், தாத்தாவின் பெயருக்கு அதில் இடமிருக்காது. ஆக, ஒருவருடைய சொந்தப் பெயர் அவர் மகன் காலத்தில்தான் குடும்பப் பெயரானது. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்துக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை: அவருடைய தந்தை பெயரையே அவர் பெயரென்று எண்ணி, அதைச் சுருக்கி ‘விஷி’ என்று உலகம் அழைத்தது.

தாத்தா: டி.கே. ராமநாதன் நாக்பூரில் பெயர் பெற்ற ஆட்டக்காரர். ஆயினும் அவர் ஆடியதைவிட ஆடக் கற்றுக்கொடுத்ததுதான் நிலைத்தது. மகனுக்கும் பின்னர் பேரனுக்கும் அவரே முதல் ஆசிரியர். வேகத்தை நம்பாமல் பந்தை நினைத்த இடத்தில் வைப்பது, எதிராளியின் வேகத்தையே திருப்பி அனுப்புவது, பொறுமையாகக் காத்திருப்பது ஆகியவை இருவர் ஆட்டத்திலும் தெரிந்தன. இருவரின் சர்வும் சாதுவானது. அதையும் பரம்பரைச் சொத்து என்றே சொல்ல வேண்டும்.

ராமநாதன் கிருஷ்ணன்: 1937 ஏப்ரல் 11 அன்று நாகர்கோவிலில் பிறந்தார். 1954இல் ஆஷ்லி கூப்பரை வென்று விம்பிள்டன் இளையோர் பட்டம் பெற்றார். தொழில்முறை ஆட்டங்களை நடத்திய ஜாக் கிராமர் மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்கு 1,50,000 டாலர் தருவதாகச் சொன்னபோது கிருஷ்ணன் மறுத்துவிட்டார். பணத்துக்கு ஆடினால் விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை என்பது அந்நாளைய விதி. 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். முதல்முறை நீல் ஃபிரேசரிடமும் அடுத்தமுறை ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த ஆண்டுப் பட்டம் அவர்களுக்கே போனது. 1962இல் நான்காம் தரவரிசை பெற்றும் கணுக்கால் காயத்தால் பாதியில் விலகினார்.

1966 டேவிஸ் கோப்பையில், கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச்சுடன் ஆடியதுதான் அவர் ஆட்டங்களில் இன்றும் பேசப்படுவது. கோச் இரண்டு செட்களை வென்று, நான்காவது செட்டிலும் 5-2 என முன்னிலையில் இருந்தார். அந்த நிலையிலிருந்து மீண்டு, 7-5, 6-2 என்று முடித்தார் கிருஷ்ணன். இந்தியா முதல்முறையாக இறுதிக்குச் சென்றது. மெல்பர்னில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப்-ரோச் இணையை வீழ்த்தியதுதான் அந்த ஒரு வெற்றி. அவருக்கு 1961இல் அர்ஜுனா விருதும், 1962இல் பத்மஸ்ரீயும், 1967இல் பத்மபூஷணும் வழங்கப்பட்டன.

ரமேஷ் கிருஷ்ணன்: தந்தை லேவருடன் அரையிறுதி ஆடிய 1961இல், அதற்குச் சில வாரங்கள் முன்பு ஜூன் 5 அன்று சென்னையில் பிறந்தார். 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் இரண்டிலும் இளையோர் பட்டம் வென்றார். அமெரிக்க ஓப்பனில் 1981, 1987 ஆகிய ஆண்டுகளிலும், விம்பிள்டனில் 1986இலும் காலிறுதிக்கு வந்தார். 1987இல் சிட்னியில் வாலி மசூரைத் தீர்மான ஆட்டத்தில் வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுசென்றார். கோதன்பர்க்கில் ஸ்வீடன் 5-0 என வென்றது. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய முதல்நிலை வீரர் மேட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் லியாண்டர் பயஸுடன் இரட்டையர் காலிறுதி ஆடினார்.

அதே சென்னையின் அமிர்தராஜ் குடும்பத்தில் ஆனந்த், விஜய், அசோக் ஆகிய மூன்று சகோதரர்களும், விஜயின் மகன் பிரகாஷ், ஆனந்தின் மகன் ஸ்டீபன் இருவரும் ஆடினர். அங்கே ஒரே தலைமுறையில் மூவர் கிளைத்தார்கள். கிருஷ்ணன் வீட்டில் தலைமுறைக்கு ஒருவராக ஆட்டம் இறங்கிவந்தது.

விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றவர்களின் பெயர்களைச் சுருக்கி எழுதும் பட்டியல்களில் 1954க்கும் 1979க்கும் எதிரே நிற்பது ‘ஆர். கிருஷ்ணன்’ என்ற ஒரே பெயர்தான். முதல் வரியின் ‘ஆர்.’ தாத்தாவைக் குறிக்கும்; இரண்டாம் வரியின் ‘ஆர்.’ பேரனை.