டென்-ஃபோர் சொன்ன மனிதர்



கலிபோர்னியாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது, பகலில் எனக்குத் துணை 'ஹைவே பேட்ரோல்' என்ற கறுப்பு வெள்ளைத் தொடர்தான். 1955 முதல் 1959 வரை 156 பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஸிவ் நிறுவனம் தயாரித்து, பெரிய நெட்வொர்க்குகளிடம் போகாமல், ஊர் ஊராக இருந்த நிலையங்களுக்கு நேரடியாக விற்றது.

காலத்தைக் கவனியுங்கள். 1956-ல்தான் ஐசன்ஹோவர் 41,000 மைல் நெடுஞ்சாலைகளுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். கார்கள் பெருகின. குற்றவாளிக்கும் தப்பியோடச் சாலை கிடைத்தது. போலீஸ் கதையும் நகரத்துச் சந்துகளை விட்டுச் சாலைக்கு வந்தது.

நாயகன் டேன் மேத்யூஸாக நடித்தவர் பிராடரிக் கிராஃபோர்ட். 'ஆல் தி கிங்ஸ் மென்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். காரில் சாய்ந்துகொண்டு வயர்லெஸ்ஸில் படபடவென்று பேசி, "டென்-ஃபோர்" என்று முடிப்பார். 'செய்தி கிடைத்தது' என்று பொருள். முன்னால் எதற்கு 'டென்'? அந்தக்கால வயர்லெஸ்ஸில் பொத்தானை அழுத்தியதும் முதல் அசை விழுங்கப்பட்டுவிடும். அது போனாலும் எண் பிழைக்கட்டும் என்றுதான் முன்னால் 'டென்' சேர்த்தார்கள்.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அவரே நம்மைப் பார்த்துச் சாலைப் பாதுகாப்புக்கு ஓர் அறிவுரை சொல்வார். ஆனால் நிஜத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, உரிமத்தையே இழந்தவர் அவர். படித்ததும் முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

வகுப்பில் உங்களுக்குச் சாலை விதிகளை எத்தனை முறை எழுதிப் போட்டிருப்பேன்! மணி அடித்ததும் வெறுந்தலையோடு மொபெட்டில் கிளம்பியதையும் நீங்கள்தானே பார்த்தீர்கள்? உங்களில் ஒருவன் சில வருடங்களுக்கு முன் பைபாஸில் போய்விட்டான். துக்கத்துக்குப் போயிருந்தேன். ஹெல்மெட் வண்டியிலேயே மாட்டியிருந்ததாம். அவன் அப்பா சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கரும்பலகையில் எழுதியதைவிட, வாசலில் பார்த்ததுதான் அவன் மனதில் நின்றதோ?

இப்போது பேரன் வண்டியில் பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போடுகிறேன். காலம் கடந்த பாடம்தான். நீங்களும் போடுங்கள், உங்கள் பிள்ளைகள் பார்க்கும்படி.

படித்தவர்கள் கீழே 'டென்-ஃபோர்' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறேன்.