ஈக்களின் பருவகால உறக்கநிலையும் பகல்நீளமும்

ஈக்களின் பருவகால உறக்கநிலை என்பது, ஈ, கொசு முதலிய ஈரிறகிப் பூச்சிகள் கடும்பருவம் தொடங்குமுன்னரே தம் வளர்ச்சியையோ இனப்பெருக்கத்தையோ நிறுத்திக்கொள்ளும் நிலை ஆகும். இது டயாபாஸ் எனவும் அழைக்கப்படுகிறது. குளிர் பட்டவுடன் ஏற்படும் மந்தநிலையிலிருந்து இது வேறுபட்டது. மிதவெப்ப மண்டலத்தில் இதனைத் தூண்டும் முதன்மைக் காரணி பகலின் நீளம் ஆகும்.

செயல்முறை

வெப்பநிலை நாளுக்கு நாள் ஏறியிறங்கும். பகல்நீளமோ ஆண்டுதோறும் ஒரே ஒழுங்கில் மாறும். பகல் ஓர் எல்லைக்குக் கீழே குறுகும்போது பூச்சி உறக்கநிலைக்கு ஆயத்தமாகிறது. இவ்வெல்லை மாறுநிலைப் பகல்நீளம் எனப்படும். எடுத்துக்காட்டாக, கியூலெக்சு பிப்பியன்சு என்னும் கொசுவின் பெண்பூச்சிகளில் இளம்பருவ இயக்குநீர் குறைந்து, சூலகம் வளராது நின்றுவிடும். உடலில் கொழுப்பு சேரும்.

உயரத்தின் பங்கு

பகல்நீளம் அட்சரேகையைப் பொறுத்தது, உயரத்தைப் பொறுத்ததன்று. புதுச்சேரியின் பாகூர் பகுதியிலுள்ள பிள்ளையார்குப்பம் கடலோரத் தாழ்நிலம். உதகமண்டலம் 2,200 மீட்டருக்கும் மேல் உயரமானது. இரண்டும் வடக்கு 11, 12 பாகைகளுக்கு இடையே அமைந்துள்ளன. எனவே இரண்டிலும் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடங்கள். மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 25 நிமிடங்கள். ஆயினும் உதகமண்டலத்தில் குளிர்காலத்தில் உறைபனி விழுகிறது, பிள்ளையார்குப்பத்தில் விழுவதில்லை.

இவ்வாறு ஒரே பகல்நீளம் மலையிலும் சமவெளியிலும் வெவ்வேறு பருவநிலையைக் குறிக்கலாம். வட அமெரிக்காவில் குடுவைத் தாவரங்களில் வளரும் வயோமியா சுமித்தி என்னும் கொசுவை ஆராய்ந்த வில்லியம் பிராட்சா, அட்சரேகையும் உயரமும் கூடக்கூட மாறுநிலைப் பகல்நீளமும் கூடுவதாக 1976இல் காட்டினார். அதாவது, குளிர் முந்தி வரும் உயரமான இடங்களில் இக்கொசுவின் குடம்பிகள் பகல் நீண்டிருக்கும்போதே உறங்கத் தொடங்குகின்றன.

வெப்பமண்டலத்தில்

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பகல்நீளம் பெரிதும் மாறுவதில்லை. எனினும் அங்கும் உறக்கநிலை உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் சதை ஈக்களில் கூட்டுப்புழுப் பருவத்தில் ஏற்படும் உறக்கநிலையைத் தாழ்ந்த வெப்பநிலையே தூண்டுகிறது என்பதை டேவிட் டென்லிங்கரின் ஆய்வுகள் வெளிப்படுத்தின.

புவி வெப்பமடைதல்

புவி வெப்பமடைவதால் குளிர்காலம் பிந்தினாலும் பகல்நீளம் மாறுவதில்லை. பழைய எல்லையைப் பின்பற்றும் பூச்சிகள் தேவைக்கு முன்பே உறங்கி, இனப்பெருக்கக் காலத்தின் ஒரு பகுதியை இழக்கின்றன. வயோமியா சுமித்தியின் வடபகுதிக் கூட்டங்களில் 1972க்கும் 1996க்கும் இடையே மாறுநிலைப் பகல்நீளம் மரபுவழியாகவே குறைந்துள்ளது எனப் பிராட்சாவும் கிறிசுட்டினா ஓல்சாப்பெலும் 2001இல் அறிவித்தனர். காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப ஓர் உயிரினத்தில் நிகழ்ந்த மரபியல் மாற்றத்துக்கு இது முக்கியச் சான்றாகக் கருதப்படுகிறது.