கீறப்பட்ட முகம்

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தங்கள். ஒன்று காசு, மற்றது சொன்ன சொல் தவறாமை. இரண்டும் ஒரே சொல்லில் குடியிருப்பதை மொழியின் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கொங்கு நாட்டில் பணம் கைமாறிய சரித்திரத்தைப் பார்க்கையில் இது ஒரு சமூகத்தின் அனுபவச் சாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கிரிப்டோ என்று இன்று டீக்கடை வரை பேசப்படும் விஷயத்தை இந்த இரண்டாவது அர்த்தத்தின் வழியாக அணுகவே விரும்புகிறேன். தொழில்நுட்பத்தை விளக்கப் பலர் இருக்கிறார்கள். யாரையும் நம்பத் தேவையில்லாத பணம் என்று சொல்லிப் படைக்கப்பட்ட ஒன்று, ஆளைப் பார்த்துப் பணம் கொடுத்தே பழகிய ஒரு பிரதேசத்துக்குள் வந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதுதான் என் கேள்வி.

அந்நியப் பணம் இங்கு வருவது புதிதல்ல. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் 500க்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. பொள்ளாச்சி, கரூர், உடுமலைப் பக்கங்களிலும் இத்தகைய புதையல்கள் கிடைத்திருக்கின்றன. படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல் நொய்யல் கரையில் கொடுமணலில் மணியாகப் பட்டை தீட்டப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய் மேற்குக் கரைக்கு வழிவிட்டது. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று பிளினி அங்கலாய்த்த காலம் அது.

ரோமானியச் சக்கரவர்த்தியின் ஆணை நொய்யல் கரையில் செல்லாது. அவன் பெயரை வாசிக்கத் தெரிந்தவர்களும் இங்கு அதிகம் இருந்திருக்க முடியாது. ஆனாலும் அவன் காசு செல்லுபடியாயிற்று, வெள்ளி வெள்ளியாக இருந்ததால். கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தான். அதற்குப் பிந்திய ரோமானிய வெள்ளிக் காசுகள் இந்தியப் புதையல்களில் அபூர்வம். இங்கிருந்த வியாபாரி தரம் குறைந்த காசை வாங்க மறுத்தான் என்பது இதற்குப் பலர் கூறும் விளக்கம். கொங்குக்கு வெளியே, புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் மேல் உளியால் ஒரு கீறல் இருக்கிறது. உள்ளே இருப்பதும் பொன்தானா என்று பார்க்கவே கீறினார்கள் என்பது ஒரு கட்சி. காசாகச் செலாவணி ஆகாமல் வெறும் பொன்னாக்கவே கீறினார்கள் என்பது இன்னொரு கட்சி. எது சரியானாலும், கீறியவன் முகத்தை மறுத்துவிட்டுப் பொன்னை மட்டும் ஏற்றிருக்கிறான்.

இதற்கு நேர் எதிரான ஒரு காசும் கரூரில் கிடைத்திருக்கிறது. 'மாக்கோதை' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சேரனின் வெள்ளிக் காசு. பக்கவாட்டில் ஒரு தலை; ரோமானியக் காசின் சாயல் அதில் இருப்பதை ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். இங்கே முகம் முன்னால் வருகிறது: நான் இருக்கிறேன், இதை வாங்கலாம். உலோகத்தை நம்புவதா, முகத்தை நம்புவதா என்ற இந்தப் பிரச்னை அன்றோடு தீரவில்லை. பின்னால் வந்த ஏற்பாடுகள் யாவும் இந்த இரண்டுக்கும் இடையில் செய்துகொண்ட சமரசங்களே.

நம் பக்கத்து ஏலச்சீட்டு முகத்தை நம்பும் ஏற்பாடு. 20 பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை கட்டி, அவசரக்காரன் தள்ளி எடுக்க, தள்ளிய பணத்தை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் இந்த முறையில் அடமானம் என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை. ஒருவன் வீடு, தோட்டம், மாமன் மச்சான் எல்லாம் தெரிந்திருப்பதே அடமானம். விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் முதல் மூலதனம் பல இடங்களில் இப்படித்தான் திரண்டது. கரூர் வைசியா வங்கி (1916), லட்சுமி விலாஸ் வங்கி (1926) ஆகியவையும் உள்ளூர் வியாபாரிகள் தங்கள் முகத்தை முதலாக வைத்துத் தொடங்கியவையே.

இரண்டாவதின் முடிவு நமக்கு ஒரு பாடம். 2020 நவம்பர் 17 அன்று லட்சுமி விலாஸ் வங்கிமீது தடைக்காலம் விதிக்கப்பட்டது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில் அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களின் பணம் பூஜ்யமாயிற்று. பரம்பரையாக அந்தப் பங்குகளைக் கையில் வைத்திருந்த குடும்பங்கள் கொங்கு நாட்டில் உண்டு. சட்டம் யாரைக் காக்கும், யாரைக் காக்காது என்பது விபத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. டெபாசிட் காப்பீடுகூட 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி முறிந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 1962இல் வந்ததுதான். கட்டுப்பாடு என்பது அநேகமாக நேற்றைய விபத்தின் நினைவுக் குறிப்பு.

2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் கணக்குத் தொகுதி உருவாயிற்று. வங்கிகளை அரசு காப்பாற்றப் போவதைப் பற்றிய லண்டன் நாளிதழ்த் தலைப்பு ஒன்று அதனுள் பதிக்கப்பட்டிருக்கிறது. ஸடோஷி நகமோட்டோ என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்தவரின் கோபம் தெளிவானது: இடைத்தரகன் வேண்டாம், வங்கி வேண்டாம், முகமே வேண்டாம், கணிதம் போதும். 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் காசு கிடையாது, எந்த நீரோவும் தரத்தைக் குறைக்க முடியாது. கீறிப் பார்த்த வியாபாரியின் வாரிசு என்றே அவரைச் சொல்லலாம்.

அதே 2009இல் திருப்பூரில் வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் லாபம் என்று சொல்லிச் சுமார் 930 கோடி ரூபாய் திரட்டிய பாசி நிறுவனம் அந்த ஆண்டு முறிந்தது. கோவை சிறப்பு நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது 2022 ஆகஸ்டில். நடுவில் 2012இல் பெருந்துறையில் ஈமுக் கோழி. செலாவணி, கோழி, பிறகு கிரிப்டோ. பண்டம் மாறினாலும் பாதை ஒன்றுதான்: முதலில் சேர்ந்தவன் தன் சகலையைச் சேர்க்கிறான், சகலை தன் பங்காளியைச் சேர்க்கிறான். 2022இல் கோவையில் நடிகைகளை அழைத்து ஆரம்பவிழா நடத்திய ஒரு கிரிப்டோ நிறுவனத்தின்மீது 2025இல் புதுச்சேரிப் போலீஸ் மோசடி விசாரணை நடத்தியது. முகமே வேண்டாம் என்ற பணத்தை விற்க ஊரறிந்த முகங்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

ஆகவே, படிக்காத ஜனங்கள் பேராசையால் ஏமாந்தார்கள் என்று எழுதும் நம் பத்திரிகை அறிவாளிகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஏமாந்தவர்களில் எஞ்சினியர்களும் ஆசிரியர்களும் ஏராளம். அவர்கள் கணிதத்தையும் நம்பவில்லை, கோழியையும் நம்பவில்லை. மச்சானை நம்பினார்கள். சீட்டில் மூன்று தலைமுறையாகப் பலன் தந்த அதே பழக்கம்தான். சீட்டில் மச்சான் ஓடிப்போனால் அவன் தோட்டம் இருக்கும். இங்கே மச்சானும் ஏமாந்தவன். அவனுக்கு மேலே இருப்பவனின் முகம் யாருக்கும் தெரியாது. 2024 ஜனவரிக் கடைசியில் கோவை நீலம்பூரில், விளம்பரம் பார்த்தால் பணம் என்ற ஒரு நிறுவனத்தின்மீது போலீஸ் வழக்குப் போட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். தன்னை நம்பிச் சேர்ந்த உறவுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கும் என்பதை யாரும் எழுதவில்லை.

அரசின் பக்கம் வருவோம். ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில், வங்கிகள் இந்த வியாபாரத்துக்கு எந்தச் சேவையும் செய்யக்கூடாது என்றது. 2020 மார்ச் 4 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 பட்ஜெட் லாபத்துக்கு 30 சதவீத வரி விதித்தது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது 1 சதவீதம் பிடித்தம் வேறு. லாட்டரிப் பரிசுக்கும் வரி அதே 30 சதவீதம்தான். 2003இல் லாட்டரியை ஒழித்த தமிழ்நாட்டில் இதன் பொருள் விளங்காமல் போகாது: இது சூதாட்டம் என்று சொல்லாமல் சொல்லி, பங்கையும் வாங்கிக்கொள்வது. 2023 மார்ச்சில் இந்த நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. வரியும் கண்காணிப்பும் வந்துவிட்டன. போட்டவனுக்கு டெபாசிட் காப்பீடு போன்ற ஒன்று மட்டும் வரவில்லை.

கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு ஆபத்துகள் சித்தாந்தமாக வருவதில்லை. தன் காயினை முன்பின் தெரியாத ஒருவனுக்கு விற்றுப் பணம் கணக்கில் வந்தது; அந்தப் பணம் எங்கோ ஒரு மோசடியில் பறிபோனது என்று 1930க்குப் புகார் போக, கணக்கு முடக்கப்படுகிறது. "நான் வித்ததுக்குத்தானுங்க பணம் வந்துச்சு, அதுல என்னுங்க தப்பு?" என்று கேட்பவருக்கு, வெளிமாநிலப் போலீஸ் நிலையத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதைத் தவிர எங்களால் செய்யக்கூடியது குறைவு. பாஸ்புத்தகம் தொலைந்தால் நகல் தருகிறோம். கிரிப்டோவைத் தன் வசமே வைத்திருப்பவன் சாவியாக 12 அல்லது 24 சொற்களைக் காப்பாற்றவேண்டும். அவை போனால் சொத்தும் போயிற்று. பரவலாகப் புழங்கும் முறையில் அந்தச் சொற்கள் 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருகின்றன. ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் செக் மொழியிலும் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. ஒரு சொத்தின் சாவி நினைவில் தங்காத அந்நியச் சொற்களாக இருப்பதன் விளைவு என்ன என்று கவிஞர்கள் யோசிக்கலாம்.

சொற்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் ஒரு நிறுவனத்திடம் விட்டவனின் கதை 2024 ஜூலையில் தெரிந்தது. வாஸிர்எக்ஸ் என்ற இந்தியச் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் களவு போயின. களவு போகாத காயின்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. அப்படி முடங்கிய ஒருவரின் வழக்கில் 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது முக்கியமானது: கிரிப்டோ என்பது சொத்து, ஒருவர் மற்றவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கத்தக்க சொத்து.

நம்பிக்கையை ஒழிக்கப் புறப்பட்ட பணத்துக்குச் சட்டம் தந்த விலாசம் நம்பிக்கைப் பொறுப்பு. இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. யார் பொறுப்பு என்று கேட்பதற்கு இப்போதுதான் ஒரு பிடி கிடைத்திருக்கிறது. பொன்னைக் கீறிய முன்னோனுக்கு உளி போதுமானதாக இருந்தது. திரையில் தெரியும் எண்ணை அப்படிக் கீறிப் பார்க்க முடியாது. காசு யார் வசம் இருக்கிறது, அவனுக்கு விலாசம் உண்டா, அவன் முறிந்தால் எந்தச் சட்டத்தின்படி நான் எத்தனையாவது ஆளாக வரிசையில் நிற்பேன் என்ற மூன்று கேள்விகளே நம்மிடம் மிஞ்சியிருக்கும் உளி. இவற்றை மச்சானிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். அந்த மரியாதைக்குத்தான் திருப்பூரிலும் பெருந்துறையிலும் விலை கொடுத்திருக்கிறோம்.