சாவகச்சேரியிலிருந்து 10 மைல்

சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குக் கண்டி வீதி வழியே ஏறக்குறைய 10 மைல். காலையில் கச்சேரிக்கோ கல்லூரிக்கோ கடைக்கோ செல்லவேண்டியவர் இத்தூரத்தை எவ்வாறு கடப்பது? புகையிரதமா, பஸ்ஸா, மோட்டார் வண்டியா, துவிச்சக்கர வண்டியா? நேயர்களுக்கு இது திண்ணையில் பேசித் தீர்க்கும் சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆயின் தென்மராட்சியில் இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் உண்டு.

1902ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 21 மைல் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து தொடர்பாதை நிறைவெய்தியதோ 1905 ஆகஸ்டில். ஆகவே மூன்றாண்டுக் காலம் அது குடாநாட்டாரின் சொந்த வண்டியாகவே ஓடிற்று. பின்னர் கொழும்புப் பிரயாணமே அதன் பெருங்கடமையாயிற்று. 1956இல் யாழ்தேவி வந்தபின் கேட்கவேண்டியதில்லை.

வீதியில் தட்டிவான்கள் ஓடின. மரத்தாலான உடல், பின்புறத்தில் சங்கிலியில் தொங்கும் தட்டி, அதன்மேல் தேங்காயும் பலாப்பழமும் மாம்பழக் கூடைகளும். மனிதர்க்கும் மூட்டைக்கும் அங்கே பெரிய பேதம் இல்லை! 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் சென்றது. மோட்டார் வண்டி வசதியுள்ளோர்க்கே வாய்த்தது. எஞ்சியோர்க்குச் சைக்கிள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நாவற்குழிப் பாலத்தையும் செம்மணி வெளியையும் மேற்கு நோக்கி மிதித்துக் கடந்தவர்க்கே அதன் அருமை தெரியும். மாலையில் அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வீட்டிற் சேர்க்கும் என்பது ஓர் ஆறுதல்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது, புகையிரதம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பெற்றோலுக்குத் தடை வந்தது. பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினர். அதற்கும் பணம் வேண்டும். இவ்வாறு, எதில் போவது என்ற கேள்வியே பலருக்கு அற்றுப்போயிற்று. வைத்தியரும் ஆசிரியரும் விறகு வியாபாரியும் ஒரே மாதிரிச் சைக்கிளில் ஒரே வீதியிற் சென்றனர். மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்நாளில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நம் நேயர்களுள்ளும் இருப்பர்.

1995 அக்டோபர் 30ஆந் திகதி அந்தப் பத்து மைல் திசை மாறிற்று. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்கு வந்தனர். அந்த மழையிரவில் சைக்கிளில் ஏறி மிதிக்க இடமில்லை. கரியரில் முதியோரையும் பாரில் குழந்தையையும் இருத்தி உருட்டிக்கொண்டே நடந்தனர். ஒரு மணி நேரத்து வழிக்கு ஓர் இரவு போதவில்லை. அவர்களுக்குப் புகலளித்த சாவகச்சேரியே 2000ஆம் ஆண்டுப் போரில் இடிபாடாயிற்று. அவ்வூராரும் அவ்வாறே வெளியேறினர்.

2014 அக்டோபர் 13ஆந் திகதி, 24 ஆண்டுகளின் பின், யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டது. பஸ்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் வீதியை நிறைத்தன. தெரிவு செய்யும் உரிமை திரும்பிற்று. துவிச்சக்கர வண்டியை இனி யார் தேடுவர் என்று பலரும் எண்ணினர். 2022இல் நாடெங்கும் எரிபொருள் அருகி, வரிசைகள் மைற்கணக்கில் நீண்டபோது, கொழும்பில் சைக்கிளின் விலை ஏறிற்று. தென்மராட்சியிலோ சங்கிலிக்கு எண்ணெய் விட்டால் ஓடக்கூடிய பழைய வண்டிகள் பல வீடுகளிற் சுவரோரம் சாய்ந்தே நின்றன.