கொல்லாத பென்சிலின் – 7

சென்ற வாரம் உங்களை டேர்பனில் தவிக்கவிட்டுப் போய்விட்டேன். கோபம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். வாருங்கள்.

தென்னாபிரிக்காவின் டேர்பன் நமக்கு அந்நிய ஊர் இல்லை. நம் முன்னோர் கோப்பிக்கும் தேயிலைக்கும் கண்டி மலை ஏறிய காலத்தில், கரும்புத் தோட்டத்துக்கென்று கப்பலேறிய தமிழர் இறங்கிய துறைமுகம் அது. 1977இல் அங்கே சில பிள்ளைகளை நிமோனியாக் கிருமி தாக்கியது. நியூமோகொக்கஸ். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் குடும்பத்துப் பொல்லாத பிள்ளை. பென்சிலின் பலிக்கவில்லை. குளோரம்பெனிகோலும் பலிக்கவில்லை.

பிள்ளைகள் இறந்தார்கள்.

அதே ஆண்டு ஜொஹன்னஸ்பேர்க்கில் தேடினார்கள். இரண்டு ஆஸ்பத்திரிகளில் 128 நோயாளிகள் பல மருந்துகளுக்கு மசியாத கிருமியைச் சுமந்துகொண்டிருந்தார்கள். பென்சிலின் மட்டுமா? எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின், கிளிண்டமைசின் எல்லாமே தோற்றன.

எப்படி?

முதல் சந்தேகம் பழைய குற்றவாளி மேல்தான் விழுந்தது. ஸ்டெஃபிலோகொக்கஸ் ஒரு நொதியைச் சுரந்து பென்சிலினை வெட்டிப்போடும். இதுவும் அப்படித்தானோ? சோதித்தார்கள். நொதி இல்லை. மருந்து முழுசாக, பத்திரமாக இருக்கிறது. கிருமியும் உயிரோடு இருக்கிறது!

இந்தப் புதிர் கடல் கடந்து நியூயோர்க்கின் ரொக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்கே அலெக்சாண்டர் டோமாஸ் இருந்தார். ஹங்கேரியில் பிறந்தவர். நியூமோகொக்கஸைப் பென்சிலின் எப்படிக் கொல்கிறது என்பதைப் பல வருடங்களாகத் துருவிக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவர் முன்னால், சாக மறுக்கும் நியூமோகொக்கஸ். விடுவாரா?

அவருடைய கணக்கு இது. கிருமியின் சுவரைக் கட்டுவதற்குச் சில புரதங்கள் உண்டு. மேசன்மார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலின் ஓடிப்போய் அவர்களுடைய கையைப் பிடித்துக்கொள்ளும். சுவர் வேலை நிற்கும். கிருமி வெடித்துச் சாகும். மருந்து கெடாமலே கிருமி பிழைக்கிறது என்றால், கோளாறு அந்தக் கைகளில்தான் இருக்க வேண்டும்.

டோமாஸும் அவருடன் வேலை செய்த ஸிகெல்பாய்மும் கதிரியக்கம் ஏற்றிய பென்சிலினைக் கிருமிகளுக்குக் கொடுத்தார்கள். புரதங்களைப் பிரித்து எக்ஸ்ரே பிலிமின் கீழ் வைத்தார்கள். பென்சிலின் ஒட்டிய புரதம் கறுப்புப் பட்டையாகத் தெரியும்.

படம் வெளியே வருகிறது.

சாதாரணக் கிருமியின் வரிசையில் பட்டைகள் பளிச்சென்று இருக்கின்றன. பக்கத்தில் தென்னாபிரிக்கக் கிருமியின் வரிசை.

பட்டைகளின் கோலமே மாறியிருக்கிறது!

மேசன்மார் வேலையில்தான் இருக்கிறார்கள். சுவரும் எழும்புகிறது. ஆனால் பென்சிலினால் இறுக்கிப் பிடிக்க முடியாதபடி கைகளின் வடிவம் மாறிவிட்டது. மருந்தை அள்ளிக் கொட்டினால்தான் கொஞ்சமாவது ஒட்டுகிறது.

டோமாஸ் அத்தோடு விடவில்லை. அந்தக் கிருமியின் டிஎன்ஏயை எடுத்து, பென்சிலினுக்கு உடனே சாகும் கிருமியோடு கலந்தார். அது விழுங்கியது. பிறகு மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். எதிர்ப்பு ஒரே பாய்ச்சலில் வரவில்லை. படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படியிலும் புரதங்கள் இன்னும் கொஞ்சம் மாறின.

இந்த இடத்தில் வத்தேகம வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்டை நோவுக்கு பாமசியில் நாலு அமொக்சிலின் வாங்கி, இரண்டை விழுங்கிச் சுகமானதும் மிச்சத்தை அலுமாரியில் போடுகிறீர்களே, நீங்கள்தான். கிருமி ஏறுவது சின்னச் சின்னப் படிகளில். அரைகுறை மருந்தில் எளியவை சாகும். ஒரு படி ஏறியவை தங்கிவிடும்.

சரி, அந்தப் படிகளைக் கட்டியது யார்?

மரபணுவில் ஓரிரு எழுத்துகள் தற்செயலாகப் பிழையாகியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1989இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஸ்ப்ராட்டின் குழு, அந்த மேசன்மாரில் ஒருவரான 2பி புரதத்தின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தது. அப்படிப்பட்ட மாற்றங்கள் இருக்கத்தான் செய்தன. புரதத்தின் 446ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் போய் அலனின் உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு மாற்றமே பென்சிலினின் பிடியைத் தளர்த்தும்.

ஆனால் அவர்களைத் திகைக்க வைத்தது அது இல்லை.

மருந்துக்குச் சாகும் நியூமோகொக்கஸ்களில் இந்த மரபணு கிட்டத்தட்ட ஒரே அச்சு. சாகாதவற்றிலோ நடுநடுவே நீளநீளமான துண்டுகள் வேறு மாதிரி. ஓரிரு எழுத்து இல்லை, வரிவரியாக வேறு. தற்செயல் பிழை இப்படிக் கூட்டமாக வராது.

அது நியூமோகொக்கஸின் சொத்தே இல்லை. வேறொரு கிருமியிடமிருந்து வந்தது!

யாரிடமிருந்து? ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கொடுத்தவர் வெளியூர்க்காரர் இல்லை. ஆரோக்கியமான பிள்ளையின் வாயிலும் தொண்டையிலும் காலாகாலமாகக் குடியிருப்பவர்.

அவர் யார், கைமாற்றம் எப்படி நடந்தது? அதற்கு நாம் 1928இன் லண்டனுக்குப் போகவேண்டும். அங்கே கூச்ச சுபாவமுள்ள ஒரு மனிதர், சாகவே கூடாத ஓர் எலி செத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

(அடுத்த வாரம்)