அரை டாலரும் ஒரு கொசுவலையும்

"சும்மா கொடுத்தா மதிக்க மாட்டாங்க." ஆபீஸ் டீ நேரத்தில் யாராவது இதைச் சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டியிருக்கிறேன். காம்பியாவின் கொசுவலைக் கதையைப் படித்தபிறகு ஆட்டுவதில்லை.

காம்பியா மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஆற்றின் இரு கரைகள் மட்டுமே உள்ள குட்டி நாடு. ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசுவுக்கு 'அனாபிலஸ் காம்பியே' என்று இதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

விஷயம் என்னன்னா, அங்கே பல கிராமங்களில் கொசுவலை ஏற்கெனவே இருந்தது. கொசுத்தொல்லைக்கும் மறைப்புக்குமாகக் கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் மழைக்காலம் வந்தால் குழந்தைகள் செத்தார்கள். வெறும் வலையில் ஒரு கிழிசல் போதும், வலையை ஒட்டிக் கிடக்கும் ஒரு கை போதும். நடுராத்திரிக் கொசு வேலையை முடித்துவிடும்.

1980களில் அங்கே பிரையன் கிரீன்வுட் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு, வலைகளை பெர்மெத்ரின் மருந்தில் முக்கிக் காயவைத்துக் கட்டிப் பார்த்தது. இப்போது வலை தடுப்பு மட்டுமல்ல, பொறி. வந்து உட்காரும் கொசு சாகும். பெத்ரோ அலோன்சோ குழுவினர் 1991-ல் வெளியிட்ட முடிவு: 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் மரணம் 63 சதவீதம் குறைந்தது. இந்த எண்ணை நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

1992-ல் அது தேசியத் திட்டமானது. துவைக்கத் துவைக்க மருந்து போய்விடும் என்பதால் வருடா வருடம் முக்க வேண்டும். முதல் வருடம் மருந்து இலவசம். சுமார் 80 சதவீத வலைகள் முக்கப்பட்டன. அடுத்த வருடம் வலைக்கு சுமார் அரை டாலர் கட்டணம் வைத்தார்கள். 14 சதவீதம்!

எங்கள் தொழிலிலும் இதேதான். சிஸ்டத்தை நிறுவுவது சுலபம். அடுத்த வருடப் பராமரிப்புக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் எல்லாம் படுத்துவிடும்.

முக்கும் வேலைக்குத் தீர்வு வந்தது: நூலிழையிலேயே மருந்தைக் கலந்து செய்த, வருடக்கணக்கில் தாங்கும் வலை. காசு கேள்விக்கு விடை கென்யாவில் கிடைத்தது. ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபா இருவரும் கர்ப்பிணிகளிடம் பரிசோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். இலவசமாக இருந்ததற்கு சுமார் 60 சென்ட் விலை வைத்ததும், வாங்குவோர் 60 சதவீதப் புள்ளிகள் குறைந்தார்கள். சும்மா வாங்கியவர்களோ, காசு கொடுத்தவர்களுக்குக் குறையாமல் வலையைப் பயன்படுத்தினார்கள்.

மழை தொடங்கும் நேரம் அறுவடைக்கு முந்தைய நேரம். விவசாயி கையில் காசு இருக்காது. கொசு மட்டும் சரியாக வந்துவிடும். அந்த 14 சதவீதத்தை 'அலட்சியம்' என்று படித்துவிடுவது ரொம்ப சுலபம். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன்.