தொடையில் கட்டிய பொட்டலம்

ஜொகூர் பாருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போதைப்பொருள் வழக்கில் சிக்கிய பையன்களின் தாய்மார்கள் வந்தால் விவரத்தை முதலில் எழுதிக்கொள்வது என் வேலை. "என் மவன் அப்படிப்பட்டவன் இல்ல சார்" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். இந்தக் கரையில் அந்தத் தொழில் ஆள் பிடிக்கப் பழகி இருநூறு வருஷம் ஆகிறது. பிடிபட்ட பையனுக்கு வயது இருபதோ இருபத்திரண்டோதான்.

சிங்கப்பூரில் போதைப்பொருளால் முதலில் செழித்தது அரசாங்கம். 1819-இல் ராஃபிள்ஸ் வந்திறங்கினார். அடுத்த வருஷமே அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலனியின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்தே வந்த வருஷங்கள் உண்டு. 1910-இல் குத்தகைக்காரர்களை விலக்கிவிட்டு அரசே காய்ச்சி, அரசே விற்றது. வாங்கியவர்கள் யார்? ரிக்‌ஷா இழுத்த, மூட்டை தூக்கிய சீனக் கூலிகள். உடம்பு வலி தாங்கப் புகைத்தார்கள், புகைத்ததால் கடன்பட்டார்கள், கடன் தீராததால் அதே சீன முதலாளியிடம், தவுக்கேயிடம், உழைத்தார்கள்.

நம் ஆட்களுக்கு அபினுக்குப் பதில் கள். நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் லயத்துக்கு எட்டிய தூரத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளில் அங்கே கூட்டம் நெரியும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டது கள்ளுக்கடைகளை மூடச் சொல்லித்தான். வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

போர் முடிந்ததும் 1946-இல் அபினுக்கு முழுத் தடை வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெராயின் நுழைந்தது. சிங்கப்பூர் 1973-இல் போதைப்பொருள் சட்டம் இயற்றி, 1975-இல் அதைத் திருத்தி, 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் கட்டாயத் தூக்கு என்றது. சட்டம் கடுமையாக ஆக, முதலாளி சாமானைக் கையால் தொடுவதை விட்டான். அவனுக்குச் சுமந்து போக ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் இந்தப் பக்கம், மலேசியாவில் கிடைத்தான். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபோது லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டண ஓரத்துப் புறம்போக்கிலும் மலிவு அடுக்குமாடிகளிலும் வந்து விழுந்தன. படிப்பு பாதியில் நின்ற பையன் விடியுமுன் மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவான். சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு அவனுக்குத் தெரியும். பாலம் தாண்டும் வழக்கமும் உண்டு. ஆள் தேடுகிறவனுக்கு அவ்வளவு போதும்.

தாய்மார்களும் பையன்களும் சொன்னதை எழுதி எழுதி எனக்கு ஒன்று புரிந்தது. கடத்துவது என்று உட்கார்ந்து முடிவெடுத்த பையனை நான் பார்த்ததில்லை. முதலில் ஒரு கடன். தங்கையின் கல்யாணத்துக்கு, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு, சில சமயம் சூதாட்டத்துக்கும்தான். கந்துவட்டிக்கு விட்ட ஆலோங் வந்து கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போவான். பக்கத்து வீடெல்லாம் பார்க்கும். அப்போது ஒரு 'அண்ணன்' வருவார். சாப்பாடு வாங்கிக் கொடுப்பார், 'தம்பி' என்பார். ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போ, ஒரு கவரைக் கொடுத்துவிட்டு வா என்பார். ஒன்றும் ஆகாது. கையில் காசு வரும். மூன்றாம் முறை பொட்டலம். "உள்ள என்னன்னு கேட்டியா?" "கேக்கல சார். கேட்டா பயம் வந்துடும்."

தூக்கு உண்டு என்று அந்தப் பையன்களுக்குத் தெரியாமலில்லை. சிங்கப்பூர்க் குடிநுழைவு அட்டையிலேயே மரண எச்சரிக்கை சிவப்பில் அச்சாகியிருந்ததே! ஆனால் கயிறு எங்கோ இருந்தது, சாயம் வீட்டுக் கதவில் இருந்தது. போன வாரம் போன கூட்டாளி பத்திரமாகத் திரும்பியும் வந்திருந்தான்.

ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டிய பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின் இருந்தது. அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டது. ஆனாலும் பொட்டலத்தை மறைத்துக் கட்டியதையும், சோதனையைத் தவிர்க்கத் தான் செக்யூரிட்டி வேலை பார்ப்பதாகச் சொன்னதையும், கடன் அடைக்கவே இறங்கியதையும் எடுத்துக்காட்டி, ஆபத்தையும் ஆதாயத்தையும் எடைபோட்ட குற்ற மனம் இது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிட்டார்கள். நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் கடனுக்காக இறங்கினான் என்பதை எடைபோட்டதற்குச் சான்றாகக் கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது தராசின் ஒரு தட்டுதான் கண்ணில் படுகிறது என்பதை அந்தத் தாய்மார்களிடம் கேட்டவன் நான். ஹெராயினால் அழிந்த குடும்பங்களும் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கின்றன. குற்றத்தைச் சின்னது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொட்டலத்தைக் கட்டிவிட்டவன் பெயர் எங்கள் கோப்புகளில் 'பாஸ்', 'அண்ணன்' என்பதைத் தாண்டியதே இல்லை.

மலேசியா 1983-இல் கொண்டுவந்த கட்டாய மரண தண்டனையை 2023-இல் எடுத்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் கதவில் சாயம் ஊற்றுகிறவன் இன்னும் இருக்கிறான். நாம் கூடினால் பணம் திரட்ட முடியும் என்பதற்குச் சான்று உண்டு: தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரத் தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்டியே தோட்டங்களை வாங்கினார்கள். கோயில் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் வசூலிக்கும் நம் சங்கங்களை நான் கேட்பது ஒன்றுதான்: ஐந்நூறு, ஆயிரம் வெள்ளியை வட்டியில்லாமல், அவமானப்படுத்தாமல் கடன் கொடுக்கும் ஒரு நிதியை ஒவ்வொரு ஊரிலும் தொடங்குங்கள். 'அண்ணன்' வருவதற்கு முன்னால் நீங்கள் அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள்.